“உடம்பில் ஒன்றும் இல்லை” என்று சொல்லி அனுப்பிய பிறகு: மனச்சோர்வும் பதற்றமும், அவற்றுக்கான சிகிச்சையும்

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவருபவர்கள் எல்லோருக்கும் இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. ஈ.சி.ஜி. சரியாக இருக்கும், ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். “உடம்பில் ஒன்றும் இல்லை, கேஸ்தான், டென்ஷன் ஆகாதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் மீண்டும் அதே படபடப்பு, வேறொரு மருத்துவமனை, இன்னொரு எக்கோ, இன்னொரு ஸ்கேன். இப்படியே ஆண்டுக்கணக்கில் அலைந்து, கையில் கனமான ஃபைலோடு மனநல மருத்துவரிடம் வந்து சேர்பவர்கள் நம் ஊரில் ஏராளம். வந்து சேராமலே போகிறவர்கள் அதைவிட அதிகம்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. மருத்துவர் பற்றாக்குறை, செலவு, ஊர் பேசும் என்ற பயம் எல்லாம் இதற்குக் காரணங்கள்தான். அவற்றுக்கும் முந்தியதாக வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. தனக்கு இருப்பது சிகிச்சை உள்ள ஒரு நோய் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும், கவுன்சலிங் போனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து புத்திமதி சொல்வார், அதைத்தான் மாமனாரே தினமும் சொல்கிறாரே என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் தெளிவுபடுத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## கவலைக்கும் நோய்க்கும் நடுவே கோடு எங்கே?

துக்கம், பயம், எரிச்சல் எதுவும் நோயில்லை. அப்பா இறந்து ஒரு மாதம் சாப்பாடு இறங்காமல் இருப்பதும், தேர்வு முடிவுக்கு முந்தைய இரவு தூங்காமல் இருப்பதும் மனித இயல்பு. எவ்வளவு அழுகிறார் என்பதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஓவென்று அழுபவர் நலமாக இருக்கலாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் ஆழமான மனச்சோர்வில் இருக்கலாம். மருத்துவர்கள் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை.

1. எத்தனை நாளாக? மனச்சோர்வு என்று சொல்வதற்குக் குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி அறிகுறிகள் நீடித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறுக்கு ஆறு மாதம் என்ற அளவு வைத்திருக்கிறார்கள்.

2. எதை நிறுத்திவிட்டது? வேலை, படிப்பு, சமையல், குளியல், உறவினர் வீட்டு விசேஷம், நண்பர்களோடு டீக்கடை. இவற்றில் எது கைவிட்டுப்போனது? எதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டும் செய்ய முடிகிறது?

3. சூழ்நிலை மாறினால் மனதும் மாறுகிறதா? கடன் அடைந்தும், சண்டை தீர்ந்தும், மகளுக்கு நல்ல இடம் அமைந்தும் மனம் அசையவே இல்லை என்றால், பிரச்சினை இப்போது சூழ்நிலையைத் தாண்டிப் போய்விட்டது.

மூன்றில் முக்கியமானது இரண்டாவது என்பது என் கருத்து. நாட்களை நாம் கூட்டியும் குறைத்தும் சொல்லிவிடலாம். நின்றுபோன வேலை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

## மனச்சோர்வு: சோகம் இல்லாமலும் வரும்

மனச்சோர்வின் அறிகுறிகள் ஒன்பது. மனம் தாழ்ந்திருப்பது, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது அல்லது மிகுவது, பசியும் எடையும் மாறுவது, எப்போதும் அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் குற்றவுணர்வும், சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி.

விதியை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். சோகமே இல்லாமலும் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கலாம். “வருத்தம் எல்லாம் ஒன்றுமில்லை டாக்டர், எதுவுமே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்” என்று சொல்பவர் இந்த வகை. பேரக்குழந்தை மடியில் வந்து உட்கார்ந்தாலும் அவருக்குள் எதுவும் நடப்பதில்லை. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும், திரும்பத் தூக்கம் பிடிக்காது. காலையில் மிகவும் பாரமாகவும், மாலையில் சற்று இலகுவாகவும் இருக்கும். ஆண்கள் பலரிடம் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். “இப்போதெல்லாம் சட்டென்று கை நீட்டிவிடுகிறார்” என்று மனைவி சொல்லும்போது, அதற்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று யாரும் யோசிப்பதில்லை. அடிப்பதை அது நியாயப்படுத்தாது. சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் காட்டும்.

இதைவிட அதிகமாக நம் ஊரில் பார்ப்பது உடல் வலி. தலைபாரம், கழுத்துப் பிடிப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், வயிறு மந்தம், கை கால் அசதி. இது நடிப்பில்லை, கற்பனையும் இல்லை. மனச்சோர்வில் தூக்கத்தையும் வலியுணர்வையும் செரிமானத்தையும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகளே பாதிக்கப்படுகின்றன. வலி உண்மையான வலிதான்.

அதே நேரம், மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும் உடல் நோய்களும் உண்டு. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை நோய் ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். ஒருமுறை போதும். எல்லாம் சரியாக இருந்த பிறகும் அதே பரிசோதனைகளை நான்கு இடங்களில் திரும்ப எடுப்பது பணத்தையும் காலத்தையும் தின்பதோடு, “கண்டுபிடிக்க முடியாத நோய் எனக்கு” என்ற பயத்தையும் வளர்த்துவிடும்.

வீட்டிலேயே தொடக்க மதிப்பீடு செய்ய உதவுவது பி.ஹெச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு அறிகுறியும் எத்தனை நாள் தொந்தரவு கொடுத்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே ஒருவரிடம் பேசிவிட வேண்டும். இந்தப் படிவத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. யார் மேலும் விசாரிக்கப்பட வேண்டியவர் என்பதைத்தான் அது சொல்லும்.

## பதற்றம்: பயம் தன்னைத்தானே வளர்க்கும் விதம்

முதல் பத்தியில் சொன்ன நெஞ்சடைப்புக்குப் பல நேரம் காரணமாக இருப்பது பதற்றத் தாக்குதல். அது எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சையும் இந்தப் படிகளில்தான் கைவைக்கிறது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கம் இது.

1. மாடிப்படி ஏறியதாலோ, காபி அதிகமானதாலோ, தூக்கம் கெட்டதாலோ இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது.
2. “ஹார்ட் அட்டாக் வரப்போகிறது” என்று மனம் அதற்குப் பொருள் கொள்கிறது. சித்தப்பா போன வருடம் இப்படித்தான் போனார் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது.
3. ஆபத்து என்று மூளை நம்பியதும் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு இன்னும் கூடுகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது.
4. மூச்சு வேகமாகிறது. கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுவதால் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன.
5. இதையெல்லாம் பார்த்த மனம், “நான் நினைத்தது சரிதான்” என்று உறுதி செய்துகொள்கிறது. பயம் உச்சிக்குப் போகிறது.

சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே இறங்கிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உண்மையான கேடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. பஸ்ஸில் வந்தது என்பதால் பஸ்ஸைத் தவிர்ப்பார். பிறகு கூட்டமான கோயில், துணிக்கடை, கல்யாண மண்டபம். பிறகு துணையில்லாமல் வீட்டில் இருப்பதும் முடியாது. ஒவ்வொரு தவிர்ப்பும் உடனடி நிம்மதியைத் தரும், கூடவே “தப்பித்ததால்தான் பிழைத்தேன்” என்ற பாடத்தையும் மனதில் பதியவைக்கும். உலகம் ஒவ்வொரு தெருவாகச் சுருங்கிக்கொண்டே வரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெஞ்சுவலி முதல்முறையாக வரும்போது, அல்லது வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் இருக்கும்போது, “இது பதற்றம்தான்” என்று வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

## பெயர் தெரியாததால் மறைந்திருக்கும் இன்னும் இரண்டு

எண்ணச் சுழற்சி நோய். ஓ.சி.டி. என்று பரவலாக அறியப்படுகிறது. சுத்தம் பார்ப்பதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வடிவம். அதிகம் வெளியே வராத வடிவம் ஒன்று உண்டு: சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை தோன்றுவது, கையில் கத்தி இருக்கும்போது குழந்தையைக் குத்திவிடுவோமோ என்ற எண்ணம் பாய்வது. இந்த எண்ணம் வருபவர் அதை விரும்புவதில்லை, அதைக் கண்டு நடுங்குகிறார். தன்னைப் பாவி என்றும் கொலைகாரர் என்றும் முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் பல வருடம் வாழ்கிறார். மனநல மருத்துவர்களுக்கு இது மிகப் பழக்கமான அறிகுறி. சொன்னால் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டி நீடித்தால், குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ குழந்தையைக் கொல்ல வருகிறார்கள் என்பது, நாட்கணக்கில் தூங்காமல் இருப்பது ஆகியவை அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## ஏன் இவ்வளவு தாமதம்?

மனநல மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் இருப்பிடப் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பள்ளி மைதானத்தில் கேட்டு வளர்ந்த அந்தக் கேலி, முப்பது வயதில் ஒருவர் மனநலப் பிரிவின் வாசலில் தயங்கி நிற்கும்போது அவர் காலைப் பிடித்து இழுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். நோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கம் நாடு முழுக்கக் கேள்விக்கு உள்ளானது அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கையோடு தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதாகோயிலுக்கோ போவதைச் சிகிச்சைக்கு எதிரி ஆக்க வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டோடு சேர்த்து அரசு மனநல மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. தாயத்து கட்டியவர் மாத்திரையும் போடலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்துதான் விலகி நிற்க வேண்டும்.

கல்யாணம் இன்னொரு தடை. பெண்ணுக்குச் சிகிச்சை என்று தெரிந்தால் வரன் வராது என்ற பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை, நம் சமூகம் உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று முடித்துவைப்பது, அவளையும் ஒன்றும் அறியாத இன்னொருவரையும் சேர்த்தே வதைப்பது. புது வீடு, புது மனிதர்கள், புதுப் பொறுப்புகள் நோயைக் கூட்டவே செய்யும்.

## யாரிடம் போவது?

* மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்.
* மருத்துவ உளவியலாளர்: உளவியல் சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவர். மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.
* மனநல சமூகப் பணியாளர்: குடும்பத்தோடு பேசுவது, உதவித்தொகை, மறுவாழ்வு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர். அரசு மருத்துவமனைகளில் பல நேரம் நோயாளிக்கு அதிகம் நேரம் கொடுப்பவர் இவர்தான்.
* கவுன்சலர்: இங்குதான் கவனம் தேவை. நல்ல பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள், சில நாள் சான்றிதழ்ப் படிப்பு முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அறிகுறிகள் மிதமாக இருந்தால் உளவியலாளரிடமிருந்தே தொடங்கலாம். வேலைக்கே போக முடியவில்லை, சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சாவு எண்ணம் இருக்கிறது, காதில் குரல் கேட்கிறது என்றால் முதலில் மனநல மருத்துவர்.

## உளவியல் சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது?

புத்திமதிக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். “தைரியமாக இரு” என்று புத்திமதி சொல்லும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த எண்ணத்துக்குப் பிறகு தைரியம் போகிறது என்று சிகிச்சை கணக்கெடுக்கும். அந்தக் கண்ணியை அறுக்கப் பயிற்சி கொடுக்கும். ஒரு அமர்வு 45 முதல் 60 நிமிடம். வாரம் ஒன்று. அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை என்ற பரவலான முறையில் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது அது. வாழ்நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் அமர்வில் கேள்விகள்தான் அதிகம் இருக்கும். எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, குடும்பம், குடிப்பழக்கம், முந்தைய சிகிச்சை, சாவு எண்ணம். கடைசியில், எது மாறினால் “எனக்குச் சரியாகிவிட்டது” என்று சொல்வீர்கள் என்று கேட்பார். பலர் இந்த முதல் நாளிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள்: மனதில் இருப்பதை எல்லாம் கொட்டியதால் அன்றிரவு பாரம் கூடிவிடுவதும் உண்டு. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று, நான்கு அமர்வுகள் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை வேலைகளைக் கிட்டத்தில் பார்ப்போம்.

1. செயலைத் திரும்பத் தொடங்குதல். மனச்சோர்வு உள்ளவர் “மனது சரியானதும் செய்கிறேன்” என்று காத்திருப்பார். சிகிச்சை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. உதாரணத்துக்கு, வாசல் தெளித்துக் கோலம் போடுவதையே விட்டுவிட்ட ஒரு பெண். முதல் வாரத் திட்டம் கோலம் இல்லை, காலை 6.30க்கு வாசலைப் பெருக்குவது மட்டும், வாரத்தில் மூன்று நாள். பெருக்குவதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று, மூன்று என்று அந்தத் தாள் நிரம்பும். எதுவும் செய்யாமல் படுத்திருந்த நாட்களின் எண்களை அருகில் வைத்துப் பார்க்கும்போது, அவருக்கே ஒரு ஆதாரம் கிடைக்கிறது. பிறகு சின்னக் கோலம். பிறகு பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை.

இது எளிமையாகத் தெரிவதால் யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கோவாவில் சங்கத் என்ற தொண்டு அமைப்பினர், மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இந்த முறையில் 6 முதல் 8 அமர்வுகள் நடத்தினார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான ஆரம்ப சுகாதார நிலையக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் ஊர்ப் பகுதிச் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் பயிற்சி பெற்றால் செய்யக்கூடிய வேலை இது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது நடக்க வேண்டும் என்று மக்கள் கேட்க வேண்டும்.

2. எண்ணத்தைச் சோதித்தல். வேலை இழந்த ஒருவர். அக்கா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அவர் தாளில் எழுதுவது: “எனக்கு வேலை இல்லை என்பதால் மதிக்கவில்லை. நம்பிக்கை: 90 சதவீதம்.” அடுத்த கட்டத்தில் அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்றுகள், அதற்கடுத்து எதிரானவை. எதிரானவற்றில் அவரே எழுதுகிறார்: அக்கா இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை; மதுரை மாமாவுக்கும் வாட்ஸ்அப்தான்; கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மறுபடி மதிப்பிடும்போது 40 சதவீதம். உளவியலாளர் அவருக்கு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லதையே நினை என்றும் சொல்லவில்லை. எண்ணம் ஒரு தீர்ப்பாக இருந்தது, இப்போது விசாரிக்கக்கூடிய வழக்காக மாறியிருக்கிறது.

3. பயந்ததைச் சந்தித்தல். பதற்றத் தாக்குதல் உள்ளவரை உளவியலாளர் அறையிலேயே நின்ற இடத்தில் ஓடச் சொல்வார், அல்லது ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார். படபடப்பும் தலைசுற்றலும் வரும். எதுவும் செய்யாமல் காத்திருந்தால் தானாக இறங்குவதை அவர் உடலிலேயே உணர்வார். பிறகு பஸ்ஸில் ஒரு நிறுத்தம், அப்புறம் மூன்று. எண்ணச் சுழற்சி நோயிலும் இதே வழிதான்: அழுக்கு என்று பயந்த பொருளைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் இருந்து பழகுவது. எளிதில் தொடங்கிப் படிப்படியாகப் போவார்கள், நோயாளியின் சம்மதம் இல்லாமல் ஒரு படிகூட ஏற்ற மாட்டார்கள்.

வீட்டில் செய்துவரச் சொன்னதைச் செய்யாமல் வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போனால் பலன் குறைவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

## மாத்திரை பற்றிய பயங்கள்

“ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது” என்பது இரண்டு வேறு வகை மருந்துகளைக் குழப்பிக்கொண்டதால் வந்த பேச்சு.

முதல் வகை, எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு நீக்கிகள். இவை அடிமைப்படுத்துவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, சிலருக்குப் பதற்றம் கூடுவது உண்டு. பலன் வருவதற்குள் இந்தத் தொந்தரவுகள் வந்துவிடுவதால், பலர் முதல் பத்து நாளிலேயே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வேண்டும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லலாம், அதற்கும் மாற்று உண்டு.

இரண்டாவது வகை, அல்பிரசோலம், குளோனாசெபாம் போன்றவை. உடனே பதற்றம் தணியும், தூக்கம் வரும். நாள்பட்டால் பழக்கமாகிவிடும். குறுகிய காலத்துக்கு மருத்துவர் கொடுப்பதில் தவறில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. ஏற்கெனவே நாள்பட்டுப் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம்.

இன்னொன்றும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முன்பு எப்போதாவது, பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த காலம் இருந்ததா? இருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு.

## செலவும் சட்டமும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் தாலுகா அளவிலும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பது உண்மை. அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்தக் குறைந்த நேரம் வீணாகாது.

14416 என்ற இலவச எண், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனாஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையுடையது. தமிழ்நாட்டில் “நட்புடன் உங்களோடு” என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) ஒவ்வொருவருக்கும் சில உரிமைகளைத் தருகிறது. அரசின் மனநல சேவையைப் பெறுவது உரிமை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனாலும் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவதால், வாராந்திர உளவியல் அமர்வுக்கான கட்டணம் கையிலிருந்துதான் போகிறது. இந்த ஓட்டை அடைக்கப்பட்டாக வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் அரசு சிகிச்சை தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கும் குடும்பங்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

## அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது

“சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்டதும் பலருக்கு முதலில் வருவது நிம்மதி. “ஆமாம்” என்றால் வாதாடக் கூடாது, “பிள்ளைகளை நினைத்துப் பார்” என்று குற்றவுணர்வைக் கூட்டக் கூடாது. தனியாக விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் சேர்த்துவைத்த மாத்திரைகளையும் அப்புறப்படுத்த வேண்டும், அல்லது பூட்டி சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். சாவதற்கான உந்துதல் பல நேரம் குறுகிய நேரமே உச்சத்தில் இருக்கும்; அந்த நேரம் கடந்துவிட்டால் உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் பூச்சிமருந்தை வைக்கும் ஏற்பாட்டை லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் அங்கே குறைந்தன.

சிகிச்சைக்கு வர மறுப்பவரிடம் “உனக்கு மனநோய்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “மூன்று வாரமாக நீ தூங்கவில்லை, தூக்கத்துக்காவது ஒரு டாக்டரைப் பார்ப்போம், நானும் வருகிறேன்” என்று அவருக்கே தெரிந்த தொந்தரவிலிருந்து தொடங்கலாம். அப்போதும் மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் முதலில் போய் மருத்துவரிடம் யோசனை கேட்கலாம்.

ஒரு உளவியலாளர் ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். சாதியையோ, மதத்தையோ, காதலையோ, பாலினத்தையோ வைத்து அவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் உடனே எழுந்து வந்துவிடலாம். நல்ல சிகிச்சை முடியும்போது கடைசி அமர்வுகளில் ஒரு தாள் தயாராகும். நோய் திரும்ப வருவதற்கான முதல் அடையாளங்கள் என்னென்ன (இரண்டு நாள் போன் எடுக்காமை, குளிக்காமை, அதிகாலை விழிப்பு), அப்போது முதலில் செய்ய வேண்டியது என்ன, யாரை அழைக்க வேண்டும் என்று நோயாளியே தன் கையால் எழுதுவார். மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் பலருக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால், அந்தத் தாளின் நகல் ஒன்று வீட்டில் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். முதல் அடையாளத்தைப் பெரும்பாலும் அவர்தான் முதலில் பார்ப்பார்.